கிரியேட்டினின் குறைந்ததும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள்

நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ள ஒருவர் நாற்காலியிலிருந்து எழுவதைக் கவனியுங்கள். இரண்டு கையையும் தொடையில் ஊன்றித்தான் எழுவார். "வயசாயிடுச்சு" என்பார்கள் வீட்டில். பல நேரம் வயசு காரணமில்லை, தொடைத் தசை கரைந்துகொண்டிருக்கிறது.

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய அமிலம் ரத்தத்தில் தேங்கினால், உடம்பு தன் தசைப் புரதத்தையே உடைக்கும். அழற்சியும் சேர்ந்துகொள்ளும். இந்த நிலையில் "அலட்டிக்காதீங்க" என்று ஆளைப் படுக்கவைப்பதுதான் முதல் தவறு.

அடுத்தது கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் கழிவுப் பொருள். சிறுநீரகம் மோசமானால் அது ஏறும். ஆனால் அது தசையிலிருந்து வருவது; தசை கரைந்தாலும் குறையும். ரிப்போர்ட்டில் 2.4 இருந்தது 2.0 ஆனதும் வீடே மகிழ்கிறது, ஆனால் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால், தசையை அவ்வளவாகச் சாராமல் சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனையை அவர் எழுதுவார். எடையையும் நம்ப முடியாது, வீக்கத்தின் நீர் தசை போனதை மறைத்துவிடும். மாறாக, கடுமையாகப் பயிற்சி செய்த மறுநாள் ரத்தம் கொடுத்தால் கிரியேட்டினின் ஏறியிருக்கும். அதைப் பார்த்துப் பயந்து பயிற்சியையே விட்டவர்கள் உண்டு.

நடைப்பயிற்சி போதும் என்று நினைப்பதும் தவறுதான். வாரம் 150 நிமிடம் நடப்பது இதயத்துக்கு நல்லது. தசைக்குப் பாரம் வேண்டும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்காருங்கள். 15 வினாடிக்கு மேல் ஆனால் கால் பலம் குறைவு என்று அர்த்தம். சோதனையும் இதுதான், பயிற்சியும் இதுதான். வாரம் 2, 3 நாள் செய்யலாம், மூச்சை அடக்காமல். உடம்பு வலித்தால் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், அது சிறுநீரகத்தையே அடிக்கும்.

சாப்பாட்டில் நடக்கும் குழப்பம் இன்னும் பெரிது. டயாலிசிஸுக்கு முந்தைய கட்டத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 0.8 கிராம் புரதம் என்பது பொதுவான அளவு. டயாலிசிஸ் தொடங்கியபின் 1.0 முதல் 1.2 கிராம் தேவை, ஏனென்றால் ஒவ்வொரு அமர்விலும் அமினோ அமிலங்கள் வெளியேறுகின்றன. பழைய பத்தியத்தையே தொடர்பவர்கள் மெலிந்துபோகிறார்கள். அதற்காகக் கடையில் புரதப் பவுடர் டப்பா வாங்கிவராதீர்கள், உணவியல் நிபுணரிடம் கேளுங்கள்.

அப்புறம், ஃபிஸ்டுலா கை, அதாவது டயாலிசிஸுக்காக அறுவை செய்து ரத்தக் குழாய்களை இணைத்த கை. அது நன்றாக ஆறியபின், மருத்துவர் சரி என்றதும், பந்தை அழுத்தலாம், லேசான எடை தூக்கலாம். இறுக்கமான பட்டை மட்டும் கூடாது. டயாலிசிஸ் படுக்கையிலேயே பெடல் மிதிப்பவர்கள் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்வது நல்லது, போகப்போக ரத்த அழுத்தம் இறங்கும்.