பவர் பத்திரம், உயில்: பெரியவர்கள் தெளிவாக இருக்கும்போதே செய்ய வேண்டியவை

உயில் என்ற பேச்சை எடுத்தாலே "நான் எப்போ போய்ச் சேருவேன்னு பார்க்கறியா" என்று கேட்டுவிடுவார்கள், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதனால் உயிலில் ஆரம்பிக்காதீர்கள். "நீங்க ஒரு மாசம் ஆஸ்பத்திரியில இருந்தா பேங்க்ல யார் கையெழுத்துப் போடறது?" என்று கேட்டுப் பாருங்கள். இதற்குப் பதில் வரும்.

அந்தப் பதிலை எழுத்தில் வைப்பதுதான் பவர் பத்திரம். இதில்தான் நாங்கள் கோட்டை விட்டோம். பெரியப்பா முன்பே எழுதிக் கொடுத்திருந்தார், மறதி நோய் முற்றிய பிறகு அதை எடுத்துக்கொண்டு போனால் இனி செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். சொன்னதில் தப்பில்லை. சாதாரண பவர், எழுதிக் கொடுத்தவரின் புத்தித் தெளிவு போனதும் தானாகவே முடிந்துவிடும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 201 சொல்வது அதைத்தான். எந்த நேரத்துக்காக எழுதினோமோ அந்த நேரத்தில் அது வெறும் காகிதம். இங்கிலாந்தில் 2007 முதல் இருக்கும் லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி, சிங்கப்பூரில் அதே பெயரில் இருப்பது, அமெரிக்காவின் டியூரபிள் பவர் எல்லாம் தெளிவு போன பிறகும் செல்லும், ஆனால் தெளிவு இருக்கும்போதே கையெழுத்தாகியிருக்க வேண்டும். இந்தியாவில் அந்த வசதி இல்லை, பெரும்பாலும் உயர் நீதிமன்றம் போய் கார்டியனாக நியமிக்கக் கேட்க வேண்டியிருக்கும். எந்த பவராக இருந்தாலும் பொதுவாக எழுதிக் கொடுத்தவர் இறந்ததும் முடிந்துவிடும், அதற்குப் பிறகு உயில்தான் பேசும்.

பவரை யாருக்குக் கொடுப்பது? பக்கத்தில் இருப்பவருக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க வேண்டாம். கடனில் தத்தளிக்கும் பிள்ளை எவ்வளவு பாசமானவராக இருந்தாலும், அவர் கையில் கணக்கைக் கொடுப்பது அவருக்கே சோதனை. பில் கட்டலாம், வீட்டை விற்கக் கூடாது என்று எல்லை போட்டு எழுதலாம், வருஷத்துக்கு ஒரு தடவை இன்னொருவரிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்றும் சேர்க்கலாம்.

சரி, உயில். எழுதியவர் தெளிவோடு இருந்தாரா என்பதில்தான் பல சண்டைகள் கிளம்புகின்றன. 1870இல் ஓர் ஆங்கிலேய வழக்கில் சொன்ன அளவுகோலைப் பல நாட்டு நீதிமன்றங்கள் இன்னும் பயன்படுத்துகின்றன: தான் செய்வது உயில் என்று தெரிகிறதா, சொத்து ஏறக்குறைய எவ்வளவு என்று தெரிகிறதா, யாருக்கெல்லாம் எதிர்பார்ப்பு இருக்கும் என்பது புரிகிறதா. வயது எண்பதைத் தாண்டிவிட்டால், கையெழுத்துப் போடும் நாளிலேயே டாக்டரிடம் ஒரு சான்றிதழ் வாங்கி வையுங்கள். சொத்து கிடைக்கப்போகிறவர்கள் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம், சாட்சிக் கையெழுத்தும் போட வேண்டாம். இங்கிலாந்தில் சாட்சி போட்டவருக்கு எழுதிய பங்கு பொதுவாகச் செல்லாமல் போய்விடும். சாட்சிகள் உயில் எழுதியவரைவிட வயதில் சின்னவர்களாக இருப்பதும் நல்லது, பின்னால் சாட்சி சொல்ல அவர்கள் இருக்க வேண்டுமே.

நாமினி போட்டாச்சே, உயில் எதற்கு என்பார்கள். கம்பெனி ஷேர்களுக்கு நாமினியாக இருப்பதாலேயே ஒருவர் உரிமையாளராகிவிட மாட்டார் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது.

"வீட்டை இப்பவே என் பேருக்கு எழுதிடுங்க, பின்னால தொல்லை இல்ல" என்று யாராவது அவசரப்படுத்தினால் நின்று யோசிக்க வேண்டிய இடம் அதுதான். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், தானமாகக் கொடுத்ததைத் திருப்பி வாங்குவது மகா கஷ்டம். இந்தியாவில் 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம், பிரிவு 23, கவனித்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கிவிட்டுக் கைவிட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய வழி தருகிறது. ஆனால் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையை, ஆயுள் முழுக்க அங்கே வசிக்கும் உரிமையோடு சேர்த்து, பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். வாய்வார்த்தையை நம்பினால் அதை நிரூபிக்கவே அலைய வேண்டும்.

வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதையும் அவரே முன்கூட்டி எழுதி வைக்கலாம். இந்தியாவில் 2018இல் உச்ச நீதிமன்றம் இதற்கு அனுமதி தந்தது, 2023இல் நடைமுறையை எளிதாக்கியதால் இரண்டு சாட்சிகளோடு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டாலே போதும்.

அப்புறம் பத்திரங்களை லாக்கருக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, லாக்கரைத் திறக்கும் உரிமையை அந்தப் பெரியவர் ஒருவர் பேரில் மட்டும் வைத்திருக்காதீர்கள். அசல் எங்கே, சாவி யாரிடம், வக்கீல் யார் என்று ஒரே தாளில் எழுதி, குறைந்தது இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள்.