டிராஃப்டில் போகாத புது குவார்ட்டர்பேக் அணியில் தங்குவாரா? நீங்களே கணிப்பது எப்படி

ஏப்ரல் கடைசியில் என்.எஃப்.எல். (அமெரிக்க ஃபுட்பால் லீக்) டிராஃப்ட், அதாவது அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி, முடிந்த அன்றே இது ஆரம்பித்துவிடும். 7 சுற்று ஓடி, 32 அணிகளும் சேர்ந்து 250க்கு மேற்பட்டவர்களை எடுத்த பிறகும் மிஞ்சிப்போன ஏதோ ஒரு குவார்ட்டர்பேக்கின் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) கல்லூரி வீடியோ சுற்றிக்கொண்டிருக்கும். நீளமாக ஒரு பாஸ், ஒருத்தன் ஓடிப்போய்ப் பிடிக்கிறான், கீழே "இவனை எப்படி விட்டாங்க, அடுத்த கர்ட் வார்னர் இவன்தான்" என்று யாராவது எழுதியிருப்பார். ஐபிஎல் ஏலத்தில் அன்சோல்டு ஆன ஆளுக்காக நாம் நியாயம் பேசுவோமே, அதே மாதிரி. அந்த உற்சாகத்தைக் கெடுக்க வரவில்லை. ஆனால் செப்டம்பரில் அந்தப் பையன் அணியில் இருப்பானா என்பதை ஓரளவு வீட்டில் உட்கார்ந்தே கணித்துவிடலாம், அதற்கு வீடியோவைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். புதிதாக ஆட்டம் பார்க்க ஆரம்பித்தவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன். உதாரணத்துக்கு 2023-இல் டிராஃப்டில் போகாமல் சிகாகோ பேர்ஸ் அணிக்கு வந்த குவார்ட்டர்பேக் டைசன் பேஜென்டை எடுத்துக்கொள்வோம்.

படி 1: காலி இடம் இருக்கிறதா என்று எண்ணுங்கள்

கோடைப் பயிற்சி முகாமில் ஒரு அணி 90 பேர் வைத்துக்கொள்ளலாம். சீசன் தொடங்கும் முன் அது 53 ஆக வேண்டும். அந்த 53-இல் குவார்ட்டர்பேக்குகள் பெரும்பாலும் இரண்டு பேர், மிஞ்சிப்போனால் மூன்று. முகாமிலோ நான்கு பேர் இருப்பார்கள், ஏனென்றால் முதல் ஆட்டக்காரரின் தோள் தேயாமல் இருக்க நாள் முழுக்கப் பந்து எறிய யாராவது வேண்டும். அந்த நான்காவது ஆளை "கேம்ப் ஆர்ம்" என்பார்கள். உங்கள் ஆள் நிஜமான போட்டியாளரா, கேம்ப் ஆர்மா என்பதுதான் முதல் கேள்வி.

எல்லோரும் இழுக்கும் அந்த வார்னரையே பாருங்கள். 1994-இல் டிராஃப்டில் போகாமல் கிரீன் பே பேக்கர்ஸ் முகாமுக்குப் போனார். அங்கே அவருக்கு முன்னால் பிரெட் ஃபார்வ், மார்க் புரூனல், டை டெட்மர். மூன்று பேருமே என்.எஃப்.எல்.லில் முதல் குவார்ட்டர்பேக்காக ஆடியவர்கள்! அந்த அறையில் வார்னர் என்ன எறிந்திருந்தாலும் வீட்டுக்குத்தான் அனுப்பியிருப்பார்கள், அனுப்பினார்கள். அயோவாவில் சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு அடுக்கிவிட்டு, அரீனா ஃபுட்பால், ஐரோப்பிய லீக் என்று சுற்றி, 1999-இல் ராம்ஸ் அணியில் டிரென்ட் கிரீனின் முழங்கால் போன பிறகுதான் அவருக்குக் கதவு திறந்தது. அந்த வருடம் 41 டச்டவுன் பாஸ் (எதிரணியின் எல்லைக்குள் போய்ப் புள்ளி தரும் பாஸ்), எம்.வி.பி. (வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர்) விருது, சூப்பர் பௌல் என்ற சாம்பியன் ஆட்டத்தில் வெற்றி.

பேஜென்ட் விஷயத்தில் பேர்ஸ் அணியில் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் முதல் ஆள், அதில் சந்தேகமே இல்லை. அவருக்குப் பின்னால் பி.ஜே. வாக்கர், நேதன் பீட்டர்மேன். இருவருமே அணி உயிரைக் கொடுத்துக் காப்பாற்றும் ஆட்கள் கிடையாது. இரண்டாவது நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: 2023-லிருந்து மூன்றாவது குவார்ட்டர்பேக்கை அவசரத்துக்கு மட்டும் என்று ஆட்ட நாளில் கூடுதலாக உடுப்பு மாட்டவைக்கலாம் என்ற விதி திரும்ப வந்தது. அந்த ஜனவரியில் என்.எஃப்.சி. (லீக்கின் இரு பாதிகளில் ஒன்று) இறுதியில் சான் ஃபிரான்சிஸ்கோவின் இரண்டு குவார்ட்டர்பேக்குகளுக்கும் அடிபட்டு, பந்து எறிய ஆளே இல்லாமல் திண்டாடியதுதான் காரணம். அதனால் மூன்றாவது ஆளுக்கு மவுசு கொஞ்சம் கூடியிருக்கிறது.

படி 2: பணத்தைப் பாருங்கள்

டிராஃப்டில் போகாத ரூக்கிக்கு (முதல் வருட ஆட்டக்காரருக்கு) ஒப்பந்தம் 3 வருடம். அதைப் பார்த்து மயங்க வேண்டாம், எந்த நாளிலும் கழற்றிவிடலாம். பார்க்க வேண்டியது எவ்வளவு தொகைக்கு உத்தரவாதம் என்பதை மட்டும். சில ஆயிரம் டாலர் என்றால் கேம்ப் ஆர்ம். லட்சக்கணக்கில் போனால் வேறு அணிகளும் அவரைக் கேட்டிருக்கின்றன என்று அர்த்தம். அப்புறம் அவருக்கு முன்னால் இருப்பவரின் ஒப்பந்தத்தையும் பாருங்கள். அவரை அனுப்பினால் அணிக்குப் பெரிய நஷ்டம் என்றால், ரூக்கி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மேலாக ஆடினால்தான் இடம் மாறும்.

படி 3: ஏன் விட்டார்கள் என்று கண்டுபிடியுங்கள்

உயரம், கை பலம், வயது, காயம், சின்னக் கல்லூரி என்று காரணங்கள் பல. இவற்றில் சின்னக் கல்லூரி என்பதுதான் நமக்குப் பிடித்த காரணமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அது ஆளின் குறை இல்லை. அவர் எதிர்த்து ஆடியவர்களின் தரம் தெரியாததால் அணிகளுக்கு வந்த தயக்கம். பேஜென்ட் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள ஷெப்பர்ட் பல்கலைக்கழகம், டிவிஷன் 2. அங்கே 159 டச்டவுன் பாஸ், கல்லூரி ஆட்டத்தில் எந்த டிவிஷனிலும் அதுவரை யாரும் தொடாத எண்ணிக்கை. (அவருடைய அப்பா கைமல்யுத்தத்தில் உலக சாம்பியன். இதற்கும் கணிப்புக்கும் சம்பந்தமில்லை, சும்மா சொன்னேன்.)

எண்ணிக்கையை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். கேஸ் கீனம் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் 19,217 யார்டு எறிந்து பெரிய கல்லூரிகளிலேயே சாதனை வைத்தார், 2012-இல் ஒரு அணியும் அவரை எடுக்கவில்லை. உயரம் பத்தாது, சதா எறிந்துகொண்டே இருக்கும் ஆட்டமுறையில் வந்த எண்கள் என்று தள்ளிவிட்டார்கள். பிறகு 2017-இல் அதே கீனம் மினசோட்டாவை என்.எஃப்.சி. இறுதிவரை கூட்டிப்போனார் என்பதும் உண்மை, ஆனால் அதற்கு 5 வருடம் ஆனது.

சில சமயம் குறை அணிகளிடமே இருக்கும். 1978-இல் ரோஸ் பௌல் என்ற பெரிய கல்லூரி ஆட்டத்தின் ஆட்டநாயகனாக இருந்தும் வாரன் மூன் டிராஃப்டில் போகவில்லை. கறுப்பினக் குவார்ட்டர்பேக்குகளை வேறு இடத்தில் ஆடச் சொன்ன காலம் அது. அவர் கனடாவுக்குப் போய் எட்மன்டனுக்கு 5 கிரே கோப்பை வாங்கித் தந்துவிட்டு 1984-இல்தான் என்.எஃப்.எல்.லின் ஹூஸ்டன் அணிக்கு வந்தார்.

படி 4: பிரீசீசன் ஆட்டத்தை ஒழுங்காகப் பாருங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். பெரும்பாலான அணிகளுக்கு 3 பிரீசீசன் (சீசனுக்கு முந்தைய பயிற்சி) ஆட்டம், ரூக்கி வருவது பெரும்பாலும் இரண்டாம் பாதியில். அந்த நேரத்தில் எதிரே நிற்பவர்களில் பாதிப் பேர் அடுத்த வாரம் வேலை இல்லாமல் இருப்பார்கள். அவர்களை எதிர்த்து 2 டச்டவுன் போட்டதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். எந்தக் கால்பகுதி, எதிரே யார் என்று முதலில் குறியுங்கள்.

பிறகு பாஸ் எங்கே விழுகிறது என்பதை விட்டுவிட்டு, ஸ்னாப்புக்கு (பந்து அவர் கைக்கு வந்து ஆட்டம் தொடங்கும் கணத்துக்கு) முன்னால் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கை காட்டி, தன்னைக் காக்க முன்னால் நிற்கும் லைன்காரர்களை நகர்த்துகிறாரா, அல்லது கடிகாரம் 2, 1 என்று ஓடும்போதுதான் திரும்பி விழிக்கிறாரா? ஸ்னாப் ஆனதும் மனசுக்குள் எண்ணுங்கள். இரண்டரை வினாடிக்குள் பந்து கையைவிட்டுப் போனால் அவருக்கு ஆட்டம் புரிகிறது. மூன்றைத் தாண்டியும் பந்தைப் பிடித்துக்கொண்டு ஆடினால் சாக் வாங்குவார் (எறியும் முன்பே எதிரணி பிடித்து வீழ்த்திவிடும்), அதற்கெல்லாம் லைனைக் குறை சொல்ல முடியாது. 2023-இல் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு வந்த டாமி டிவிட்டோ வாஷிங்டனுக்கு எதிராக 3 டச்டவுன் எறிந்து 31-19 என்று ஜெயித்த அதே ஆட்டத்தில் 9 தடவை சாக் ஆனார். ஜெயித்த சந்தோஷத்தில் யாரும் அந்த 9-ஐப் பேசவில்லை.

கடைசியாக ஒரு வகுத்தல் கணக்கு. எறிந்த யார்டை முயற்சிகளால் வகுங்கள். பேஜென்ட் முதல் ஆளாகத் தொடங்கிய முதல் ஆட்டத்தை எடுத்துக்கொண்டால், 2023 அக்டோபர் 22, ரெய்டர்ஸுக்கு எதிராக 29 பாஸில் 21 சேர்ந்தது, 162 யார்டு, ஒரு டச்டவுன், இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்) இல்லை, பேர்ஸ் 30-12 வெற்றி. கேட்க நன்றாக இருக்கிறது. 162-ஐ 29-ஆல் வகுத்தால் 5.6. இந்த லீக்கில் 7-க்கு மேல் போனால்தான் நல்லது, 6-க்குக் கீழே என்றால் கிட்டக் கிட்டப் பாஸ் போட்டுச் சமாளித்திருக்கிறார் என்று பொருள். அன்று ஜெயிக்க வைத்ததில் பெரும்பங்கு டி'ஒன்டா ஃபோர்மனின் ஓட்டத்துக்கும் தடுப்பு ஆட்டத்துக்கும் உண்டு. அடுத்த இரண்டு ஆட்டத்தில் கணக்கு வெளியே வந்தது: சார்ஜர்ஸிடம் 2 இன்டர்செப்ஷன், செயின்ட்ஸிடம் 3, இரண்டிலும் தோல்வி. சீசன் முடிவில் 3 டச்டவுன் பாஸ், 6 இன்டர்செப்ஷன். மோசமா என்றால் இல்லை, டிவிஷன் 2-இலிருந்து வந்த முதல் வருட மாற்று ஆளுக்கு இது கௌரவமான கணக்கு. ஆனால் முதல் ஆளாக ஆக்கும் கணக்கு இல்லை.

படி 5: ஆகஸ்ட் கடைசி வாரம்

53 ஆகக் குறைக்கும் நாளில் பெயர் விடுபட்டால் உடனே துக்கம் கொண்டாட வேண்டாம். வெட்டப்பட்ட ரூக்கி வேவருக்குப் போவார், வேறு அணி கேட்டால் அங்கே போய்விடுவார். டெய்சம் ஹில் 2017-இல் அப்படித்தான் பேக்கர்ஸிலிருந்து செயின்ட்ஸுக்கு வந்தார். யாரும் கேட்காவிட்டால் பழைய அணியே பிராக்டிஸ் ஸ்குவாடில் (53-க்கு வெளியே பயிற்சிக்கு வைத்திருக்கும் குழுவில்) வைத்துக்கொள்ளலாம். 2023-இல் அங்கே வாரத்துக்கு 12,000 டாலர், 53-இல் இருந்தால் வருடத்துக்கு 7,50,000. பிராக்டிஸ் ஸ்குவாடிலிருந்தும் ஆள் மேலே வருவதுண்டு: 2019-இல் பிட்ஸ்பர்க்கில் முதல் ஆள் ராத்லிஸ்பெர்கருக்கு முழங்கை போய், மாற்று ஆள் ருடால்ஃபுக்குத் தலையில் அடிபட்டு, கடைசியில் வாத்துக் குரல் எழுப்பும் போட்டியில் சாம்பியனான டெவ்லின் ஹாட்ஜஸ் 6 ஆட்டம் முதல் ஆளாக ஆடினார். 3 வெற்றி, 3 தோல்வி.

பேஜென்டுக்கு? வாக்கரை அனுப்பிவிட்டு பேர்ஸ் அவரை வைத்துக்கொண்டது. முதல் படியில் ஆடிக்கொண்டிருந்த நாற்காலி ஞாபகம் இருக்கும்.

படி 6: மூன்று கேள்விக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள்

அணியில் தங்குவாரா, இந்த வருடம் ஆடுவாரா, என்றாவது முதல் ஆள் ஆவாரா? இந்த மூன்றையும் கலந்துகட்டிப் பேசுவதால்தான் வாதம் முடிவதே இல்லை. மூன்றாவது கேள்விக்கு நான் எப்போதும் பத்துக்கு அரைதான் போடுவேன், யாராக இருந்தாலும் சரி. டோனி ரோமோ 2003-இல் டாலஸுக்கு வந்து, கிக் அடிப்பவருக்குப் பந்தைப் பிடித்துக்கொடுத்துக்கொண்டிருந்து, 2006 வரை சீசன் ஆட்டத்தில் ஒரு பாஸ்கூட எறியவில்லை. பொறுமையாக வைத்திருக்கும் அணி வாய்த்தது.

இந்த மதிப்பெண் தாளை அடுத்த ஏப்ரலில் திரும்ப எடுங்கள். அணி டிராஃப்டில் புதிதாகக் குவார்ட்டர்பேக் எடுத்தால் எல்லா எண்ணும் மாறும். 2024-இல் பேர்ஸ் ஃபீல்ட்ஸை அனுப்பிவிட்டு முதல் தேர்விலேயே கேலப் வில்லியம்ஸை எடுத்தது, பேஜென்டோ இரண்டாவது ஆளாக அப்படியே இருந்தார். 2025-இல் அவருக்கு இன்னும் 2 வருடம், ஒரு கோடி டாலர் என்று ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள்.