ஏப்ரல் மாத நான்-லீக் ஆட்டம்: கேமராவோடு போகிறவர்கள் செய்யும் தவறுகள்

நான் முதன்முதலில் கேமராவோடு போன ஆட்டத்தில் 900 படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் முக்கால்வாசி முதுகுகள். பந்து போகும் பக்கமெல்லாம் லென்ஸைத் திருப்பிக்கொண்டே இருந்ததன் பலன் அது. டிவியில் ப்ரீமியர் லீக் பார்த்துப் பழகிய கண்ணோடு போய்விட்டேன்.

இங்கிலாந்துக் கால்பந்தில் மேலே உள்ள நான்கு அடுக்குகளைத் தாண்டினால் எல்லாம் நான்-லீக்தான். ஏழாம், எட்டாம் அடுக்குக்கு, அதாவது இஸ்த்மியன் லீக் போன்றவற்றுக்கு, இறங்கிவிட்டால் உலகமே வேறு. ஆடுகளத்தைச் சுற்றி இடுப்பளவு கம்பி, அதில் சாய்ந்து பியர் குடித்துக்கொண்டே ஆட்டம் பார்க்கும் ஜனம், கைக்கெட்டும் தூரத்தில் ஆட்டக்காரர்கள். இந்த நெருக்கம் பெரிய மைதானங்களில் கிடைக்காது. ஆகவே தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் 400 எம்எம் லென்ஸ் இல்லையே என்று ஏங்க வேண்டாம். 70-200 எம்எம் ஜூம் லென்ஸே தாராளம்.

ஆனால் நெருக்கம் என்பதற்காகக் கம்பியைத் தாண்டி உள்ளே போய்விடக் கூடாது. இரண்டு நாள் முன்பே கிளப்புக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். அனுமதி கிடைத்தால் பெரும்பாலும் பளிச்சென்ற ஒரு மேல்சட்டையைக் கொடுத்து உள்ளே விடுவார்கள். கிடைக்காவிட்டாலும் மோசமில்லை, கம்பிக்கு வெளியே நின்றே நல்ல படம் எடுக்கலாம்.

எங்கே நிற்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். உதவி நடுவர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கக்கோட்டில், ஆளுக்கொரு பாதியில் மட்டும் ஓடுவார்கள். அதனால் ஒவ்வொரு கோலுக்கும் ஒரு பக்கத்து மூலையில் உதவி நடுவர் வந்து வந்து போவார், மறுபக்கத்து மூலை காலியாக இருக்கும். அந்தக் காலி மூலையில், கார்னர் கொடிக்கும் கோல் கம்பத்துக்கும் நடுவே, சின்ன மடக்கு ஸ்டூலில் உட்காருங்கள். நின்றபடி எடுத்தால் ஆட்டக்காரர் பின்னால் புல்தான் தெரியும். உட்கார்ந்தால் முகமும், பின்னால் மரமும் கூட்டமும் வரும். ஆட்டப் பருவத்தின் கடைசியில் கோல் கம்பங்களுக்கு முன்னால் புல்லே இருக்காது, வெறும் மண். அதில் விழுந்து புரளும் கோல்கீப்பரைத் தாழ இருந்து பார்த்தால்தான் ஆகஸ்டில் பருவம் தொடங்கியதிலிருந்து அந்தத் தரை பட்ட பாடு தெரியும்.

அடுத்தது வெளிச்சம். ஜனவரியில் 3 மணி ஆட்டம் என்றால் இரண்டாம் பாதி முழுக்க ஃபிளட்லைட்தான். அந்தப் பழக்கத்தில் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 6400-லேயே விட்டுவிட்டு ஏப்ரல் வெயிலில் போய் நிற்பவர்கள் உண்டு (நானும் நின்றிருக்கிறேன்). ஏப்ரலில் சூரியன் 3 மணிக்குத் தென்மேற்கில் இருக்கும், ஆட்டம் முடிவதற்குள் மேற்கே சாய்ந்துவிடும். கூரையுள்ள ஸ்டாண்ட் அந்தப் பக்கம் இருந்தால் அதன் நிழல் மெல்ல மெல்ல ஆடுகளத்துக்குள் நீளும். பந்து வெயிலிலிருந்து நிழலுக்குள் போகும் ஒவ்வொரு முறையும் படம் கெடும். ஷட்டர் வேகம் 1/1000 நொடி, லென்ஸின் துவாரம் எஃப் 4 என்று வைத்து, ஐஎஸ்ஓவை மட்டும் தானியங்கியில் விட்டால் பாதித் தலைவலி போய்விடும். வெள்ளைச் சட்டை அணி என்றால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, கொஞ்சம் குறையுங்கள், இல்லாவிட்டால் சட்டையின் மடிப்புகளே தெரியாது.

செவ்வாய்க்கிழமை இரவு ஆட்டங்கள் இன்னும் கஷ்டம். குளிர்காலத்தில் மழையால் தள்ளிப்போனவை எல்லாம் ஏப்ரலில்தான் வந்து குவியும், அதனால் இவை நிறைய உண்டு. 7.45-க்கு ஆட்டம் தொடங்கும். ஏப்ரல் நடுவில் லண்டனில் சூரியன் மறைவது ஏறக்குறைய 8 மணிக்கு. முதல் பாதி முழுக்க வெளிச்சம் இறங்கிக்கொண்டே இருக்கும். இதில் நிறையப் பேர் கவனிக்காத ஒன்று, பழைய ஃபிளட்லைட்டின் துடிப்பு. பிரிட்டனில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி எழும். 1/1000-ல் தொடர்ந்து எடுத்தால் ஒரு படம் பளிச், அடுத்தது மங்கல், அதற்கடுத்தது செம்மஞ்சள். கேமரா பழுதென்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். இப்போதைய கேமராக்கள் பலவற்றில் துடிப்பைத் தவிர்க்கும் வசதி மெனுவுக்குள் இருக்கும், முதல் வேலையாக அதைப் போடுங்கள். ஷட்டரையும் 1/640 வரை இறக்கலாம். ஃபிளாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஒரே இடத்தில் 90 நிமிடமும் உட்கார்ந்திருப்பதும் தவறு. இந்த மைதானங்களில் பலவற்றில் இடைவேளையில் ரசிகர்களே இடம் மாறுவார்கள், தங்கள் அணி எந்தக் கோலைத் தாக்குகிறதோ அதன் பின்னால் போய் நின்றுகொள்வார்கள். நான் பெரும்பாலும் கடைசி 20 நிமிடம் பக்கக்கோட்டுக்குப் போய்விடுவேன். அங்கிருந்து பார்த்தால் கோலும் அதன் பின்னால் ரசிகர்களும் ஒரே சட்டத்தில் வருவார்கள். கோல் அடித்தவரின் முதுகுதான் கிடைக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிரே கம்பி மேல் ஏறிக் கத்தும் நாற்பது முகங்கள் கிடைக்குமே.

தொடக்கத்தில் 900 படம் எடுத்த அதே ஆசையில், 85-ஆம் நிமிடத்தில் பேட்டரி தீர்ந்து நிற்பவர்களும் உண்டு. பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை ஆட்டத்தில் நிஜமான கதை அதற்கப்புறம்தான் தொடங்கும். மற்ற மைதானங்களின் முடிவுக்காகப் போனையே பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டம், கீழ் லீகுக்கு இறங்கிவிட்டோம் என்று தெரிந்து அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிடும் தடுப்பாட்டக்காரர், எதுவும் நடக்காதது போல வலையைக் கழற்ற வரும் மைதானக்காரர். இவற்றுக்காக ஒரு பேட்டரியைத் தொடாமல் வையுங்கள். கூட்டத்தில் குழந்தைகளை நெருக்கமாக எடுப்பதானால் பெற்றோரிடம் முதலில் கேளுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். இந்த அளவில் சட்டையில் பெரும்பாலும் எண் மட்டும்தான், பெயர் இருக்காது. உள்ளே நுழைந்ததும் அணிப் பட்டியலை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். படங்களை அன்றிரவே கிளப்புக்கு அனுப்புங்கள். கோடையில் பாதி அணி கலைந்துவிடும், ஆகஸ்டில் போய் 'இந்த ஏழாம் எண் யார்?' என்று கேட்டால் அங்கே சொல்ல ஆள் இருக்காது.