வைரஸ் காய்ச்சலுக்குப் பின் மூட்டு வலி விடவில்லையா?

காய்ச்சல் தொடங்கிய தேதியை முதலில் குறித்து வையுங்கள். பார்வோ, சிக்குன்குனியா போன்ற வைரஸ்கள் முடக்குவாதம் போலவே விரல் மூட்டுகளை வீங்க வைக்கும். பார்வோ வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கிவிடும். காலையில் எழுந்ததும் விரல்களை முழுதாக மடக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று தினமும் எழுதுங்கள். 30 நிமிடத்துக்கு மேல் விறைப்பும், கூடவே வீக்கமும் 6 வாரம் தாண்டியும் இருந்தால் வாதநோய் நிபுணரைப் பாருங்கள்.

முடக்குவாதத்தைக் கண்டறிய எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் ஆர்.ஏ. ஃபேக்டர் மட்டும் பாசிட்டிவ் என்றால் பதற வேண்டாம். வைரஸ் தொற்றே அதைத் தற்காலிகமாக ஏற்றிவிடும். அதே நோய்க்கான இன்னொரு ரத்தப் பரிசோதனையான ஆன்டி-சிசிபியை அதைவிட நம்பலாம். பரிசோதனைக்கு முன் ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள், வீக்கம் வடிந்து நோய் பிடிபடாமல் போகும்.

கால் மரத்து, பலவீனம் மேலே ஏறிக்கொண்டே வந்தால் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. வைரஸ் தொற்றுக்குப் பின் வரக்கூடிய, நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பாரே நோயாக இருக்கலாம். மூச்சுத் தசைகளையும் அது செயலிழக்க வைக்கும்.