கிறிஸ்துமஸ் தம்பட்டக் கடிதம்: கேலியாக எழுதும் முறை

அமெரிக்காவில் டிசம்பர் பிறந்தால் தபால் பெட்டியில் வாழ்த்து அட்டையோடு ஒரு பக்கக் கடிதமும் வந்து விழும். மூத்தவனுக்கு எந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது, சின்னவள் எத்தனை கோப்பை வாங்கினாள், அப்பாவுக்கு என்ன பதவி உயர்வு, கோடையில் இத்தாலியில் எத்தனை நாள் என்று வரிசையாக ஓடும். பிரிட்டனில் இதற்கு ‘ரவுண்ட் ராபின்’ என்று பெயர். சைமன் ஹோகார்ட் என்ற பத்திரிகையாளர் வாசகர்களுக்கு வந்த கடிதங்களைக் கேட்டு வாங்கித் தொகுத்து வெளியிட்டார். அவ்வளவு சரக்கு இருக்கிறது இதில். இதே தொனியை எடுத்துத் தன் வீட்டையே கேலி செய்து அனுப்புகிறவர்களும் உண்டு. நன்றாக அமைந்த கேலிக் கடிதம் அடுத்த டிசம்பர் வரை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும்.

அசல் கடிதம் ஏன் பீற்றலாகிறது என்று தெரிந்தால்தான் கேலி சரியாக வரும். 1843ல் லண்டனில் ஹென்றி கோல் முதல் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சடித்ததே, எல்லோருக்கும் தனித்தனியாக எழுத நேரமில்லாமல்தான். 1959ல் ஜெராக்ஸ் 914 வந்தபின் முழுக் கடிதத்தையும் நகலெடுப்பது எளிதாகிவிட்டது. மேலதிகாரிக்கும் அத்தைக்கும் கல்லூரித் தோழிக்கும் ஒரே தாள் போகிறது. மூவருக்கும் பொதுவாகச் சொல்லத் தோதானது சாதனை மட்டும்தான். சமையலறையில் நெருங்கியவர்களிடம் சொல்கிற சங்கதிகள் எல்லாம் விடுபட்டுப் போகின்றன. அப்படி விடுபட்டவைதான் உங்கள் கடிதத்துக்குச் சரக்கு.

அக்டோபரிலேயே ஃபோனில் இருக்கும் புகைப்படங்களையும் நாள்காட்டியையும் ஜனவரியிலிருந்து புரட்டுங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் மூன்று சின்னச் சறுக்கல்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சம்பந்தப்பட்டவரே சிரிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வேலை போனது, உடல் எடை, நோய், மணமுறிவு பக்கம் போகவே கூடாது. பதின்வயதுப் பிள்ளைகளைப் பற்றிய வரியை அவர்களிடம் படித்துக் காட்டி, தலையசைத்தால் மட்டும் வையுங்கள். இதில் சமரசமே வேண்டாம்; அந்தத் தாள் நாற்பது வீட்டுக்குப் போகிறது.

இனி எழுத்து. விதி ஒன்றுதான்: தம்பட்டத்தின் குரலில் கை வைக்காதீர்கள், விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். ‘எங்க பையன் சரியான சோம்பேறி, ஹிஹி’ என்று எழுதினால் சப்பென்று போகும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மூத்தவன் ஓட்டுநர் உரிமத் தேர்வில் மூன்றாம் முறையாகக் கலந்துகொள்ளும் வாய்ப்பைப் பெற்றான் என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறோம். தேர்வு அதிகாரி இப்போது அவனைப் பெயர் சொல்லியே அழைக்கிறார்.’ முதல் வாக்கியத்தில் மேடைப் பேச்சின் மிடுக்கு. இரண்டாவதில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு சின்ன விவரம். சிரிப்பு அந்த விவரத்தில்தான் வெடிக்கிறது. எண்ணும் அப்படித்தான். ‘நிறைய தண்ணீர் பாட்டில் தொலைத்தாள்’ என்பதைவிட ‘11 தண்ணீர் பாட்டில், அதில் 4 ஒரே வாரத்தில்’ என்பது வேலை செய்யும்.

முதல் இரண்டு வரியை அசல் தம்பட்டம் போலவே தொடங்குங்கள். ‘இன்னுமோர் ஆண்டு எப்படிப் பறந்ததென்றே தெரியவில்லை’ என்று படித்ததும் வாசகர் ‘ஆரம்பிச்சுட்டாங்கப்பா’ என்று பெருமூச்சு விட வேண்டும். திருப்பம் மூன்றாம் வரியில் வரட்டும். பிறகு நாயோ பூனையோ இருந்தால் அதற்குப் பிள்ளைகளைவிட நீளமான பத்தி கொடுங்கள். மொத்தம் தாளின் ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். ஒரே உத்தி நான்கு முறை வந்தால் ஐந்தாவதை வாசகர் முன்கூட்டியே ஊகித்துவிடுவார்.

கெட்டுப்போகும் இடங்கள் எப்போதும் இவைதான். வரிக்கு வரி ஆச்சரியக்குறி போட்டால் குரலின் கம்பீரம் உடைந்துவிடும். தெரிந்த குடும்பத்தின் நடையைக் காப்பியடித்தால் அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஊர் முழுக்கக் கடிதம் அனுப்புகிறவர்கள் சொந்த வாக்கியத்தை மறப்பதில்லை. எல்லாவற்றிலும் மோசமானது, கேலிக்குள் ஒளிந்திருக்கும் அசல் பீற்றல். ‘பாரிஸில் தொலைந்துபோய், கடைசியில் ஐந்து நட்சத்திர விடுதியைத் தேடி அலைந்தோம்’ என்ற வரியில் நகைச்சுவையை எடுத்துவிட்டால் பாரிஸும் விடுதியும்தான் மிஞ்சும். அப்படி மிஞ்சினால் வரியை அடித்துவிடுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பக்கத்து வீட்டாருக்கு எழுதியதையே மதுரையிலிருக்கும் பெரியப்பாவுக்கும் அனுப்பினால், ‘கணக்கில் கோட்டை விட்டான்’ என்ற வரியைப் பார்த்து, ‘தம்பிக்கு என்னப்பா ஆச்சு, ட்யூஷன் வைக்கலாமே’ என்று மறுநாளே ஃபோன் வரும். அவர்களுக்குப் போகும் பிரதியில் மதிப்பெண் பற்றிய கேலியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தோட்டத்துத் தக்காளியை வையுங்கள்.

குழந்தை பிறந்தது, வீடு மாறியது போன்ற உண்மைச் செய்தி இருந்தால், கடைசியில் தனிப் பத்தியாக அலங்காரமில்லாமல் எழுதுங்கள். கேலிக்குள் கலந்தால், வாழ்த்துச் சொல்வதா சிரிப்பதா என்று தெரியாமல் முழிப்பார்கள்.

படம் வைக்கும் அட்டைக்கு 5க்கு 7 அங்குலம் போதும். எல்லோரும் ஒரே நிறச் சட்டையில் பாந்தமாக நிற்க, ஒன்றே ஒன்று மட்டும் தவறாக இருக்கட்டும்: ஒருவர் கையில் மட்டும் துடைப்பம், அல்லது கடைக்குட்டி மட்டும் உச்சக்கட்ட அழுகை. இரண்டு தவறு வைத்தால் கண் எங்கே போவதென்று திணறும். அச்சில் அந்தத் தவறு கட்டைவிரல் நகத்தளவாவது தெரிய வேண்டும். ஃபோன் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள்.

அமெரிக்கத் தபாலில் சாதாரண ஒற்றைத் தபால்தலைக்கு 1 அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் வரை போகும். கடிதத்தாள் ஒன்று ஏறக்குறைய நாலரை கிராம், ஆகவே தாள், அட்டை, உறை மூன்றும் அதற்குள் அடங்கும். சதுர உறை மட்டும் வாங்காதீர்கள். இயந்திரத்தில் வகைபிரிக்க முடியாது என்று கூடுதல் கட்டணம் கேட்பார்கள். இந்தியாவுக்கு அதே எடைக்கு ‘குளோபல் ஃபாரெவர்’ தபால்தலை ஒன்று போதும், ஆனால் நவம்பர் முடிவதற்குள் பெட்டியில் போட்டுவிடுங்கள். உறையை ஒட்டுமுன் கடிதத்தை வீட்டில் எல்லோர் முன்னும் ஒருமுறை சத்தமாகப் படியுங்கள். யாராவது சிரிக்காமல் தரையைப் பார்த்தால், அவரைப் பற்றிய வரியை எடுத்துவிட்டு மறுபடி அச்செடுங்கள்.