கராத்தே கிளாஸ் சேரப்போறீங்களா? முதல் ஒரு வருஷத்த எப்படி ஓட்டுறதுன்னு பாருங்க

கராத்தேன்னாலே நம்மூர்ல பாதி பேருக்கு ஸ்கூல் ஆண்டு விழால ஓடு உடைக்கிறதுதான் ஞாபகம் வரும். ஓட்ட அடுக்கி வச்சு, மேல பெட்ரோல் ஊத்தி கொளுத்திவிட்டு, ஒரு பையன் கத்திக்கிட்டே வந்து குத்துவான், கைதட்டல் அள்ளும். அது ஷோ. பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா கிளாஸ்ல தினமும் நடக்கிறதுக்கும் அதுக்கும் பெருசா சம்பந்தம் கிடையாது. கிளாஸ்ல நடக்கிறது ஒரே குத்து, ஒரே உதை, ஒரே அடி எடுத்து வைக்கிறது, அதையே திரும்பத் திரும்ப செய்றது, எதிர்ல நிக்கிறவன் மூஞ்சிக்கு முன்னாடி கைய கொண்டுபோய் டக்குனு நிறுத்துறது, வந்தா மரியாதைக்குக் குனியறது, போனா குனியறது, அவ்ளோதான். ஒழுக்கம், மரியாதை, தன்னடக்கம்னு நோட்டீஸ்ல அடிச்சு ஒட்டுறாங்களே, அதெல்லாம் மாஸ்டர் அட்வைஸ் பண்ணி வர்றது இல்லீங்க, இந்த போரடிக்கிற வேலைக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கு. அத சரியா செஞ்சா வரும், இல்லேன்னா கலர் கலரா பெல்ட் மட்டும் வரும்.

நான் சொல்லப்போறது ஷோட்டோகான் ஸ்டைல வச்சு. கோஜு ரியூ, ஷிட்டோ ரியூ, வாடோ ரியூன்னு வேற ஸ்டைல்களும் இருக்கு, நிக்கிற விதமும் கட்டாவும் (எதிராளி இல்லாம தனியா, வரிசை மாறாம செய்ற அசைவுங்க) மாறும், அடிப்படை ஒண்ணுதான். எந்த ஸ்டைல் பெஸ்ட்னு நெட்ல சண்டை போடுறவங்கள பத்தி கவலைப்படாதீங்க, வீட்டுக்குப் பக்கத்துல நல்ல மாஸ்டர் யார் இருக்காரோ அதான் உங்க ஸ்டைல்.

மொதல்ல கிளாஸ் பாக்கப் போங்க. சேர்றதுக்கு முன்னாடி ஒரு முழு கிளாஸ் ஓரமா உக்காந்து பாருங்க, மாஸ்டர் வேணாம்னா அங்கயே ஒரு கேள்விக்குறி போட்டுக்கோங்க. மாஸ்டர் எவ்ளோ உயரம் உதைக்கிறாருங்கிறத பாக்காதீங்க, ரெண்டு பசங்க ஜோடி போட்டு பழகுறப்ப ஒருத்தனுக்கு நிஜமாவே அடி பட்டுச்சுன்னா அப்போ என்ன நடக்குதுன்னு பாருங்க. அடிச்சவன் நின்னு குனியறானா, மாஸ்டர் உடனே வந்து பாக்குறாரா, இல்ல எல்லாரும் சேர்ந்து சிரிக்கிறாங்களா? சீனியரான பிரவுன் பெல்ட் பசங்க புதுசா வந்த வெள்ளை பெல்ட்டுக்கு பொறுமையா சொல்லித்தர்றாங்களா, இல்ல அதிகாரம் பண்றாங்களா? இந்த ரெண்ட பாத்தாலே அந்த கிளாஸோட லட்சணம் தெரிஞ்சிடும். ஒரு வருஷத்துல பிளாக் பெல்ட்னு போர்டு இருந்தா வண்டிய திருப்பிடுங்க. ஒழுங்கா நடத்துற இடத்துல வாரத்துக்கு ரெண்டு மூணு கிளாஸ்னு போனா கூட நாலஞ்சு வருஷம் ஆகுறது சாதாரணம்.

தரையையும் பாருங்க, இத நிறைய பேர் விட்டுடுவாங்க. நம்மூர்ல பாதி கிளாஸ் மொட்டை மாடிலயும் பார்க்லயும்தான், வெறுங்கால்ல நிக்கணும், ஏப்ரல் மே மாசம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு சிமென்ட் தரை எப்படி கொதிக்கும்னு சொல்லவே வேணாம். தண்ணி பாட்டில் கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க, கிளாஸ் நடுவுல தண்ணி குடிக்கக் கூடாதுன்னு சொல்ற மாஸ்டர்ங்க இன்னமும் இருக்காங்க, அது ஒழுக்கம் இல்ல, முட்டாள்தனம்.

டிரெஸ்ஸ உடனே வாங்காதீங்க, முதல் மாசம் டிராக் பேன்ட் டீ ஷர்ட் போதும். வாங்குறப்ப ஒரு சைஸ் பெருசா வாங்குங்க, காட்டன் துணி ரெண்டு மூணு தடவ துவைச்சா சுருங்கிடும். பெல்ட் கட்ட, நடுப்பகுதிய தொப்புளுக்குக் கீழ வச்சு ரெண்டு சுத்து சுத்தி முன்னாடி கொண்டு வாங்க, மேல இருக்கிற முனைய மொத்த சுத்துக்கும் அடியில விட்டு மேல இழுங்க, அப்புறம் ரெண்டு முனையையும் வச்சு ஒரு முடிச்சு. ரெண்டு பக்கமும் ஒரே நீளத்துல தொங்கணும். குழந்தைக்கு நீங்களே கட்டி விடாதீங்க, கோணலா இருந்தாலும் பரவால்ல அதுவே கட்டட்டும்.

அடுத்து குனியறது, ரெய்னு சொல்வாங்க. நின்னா குதிகால் ரெண்டும் சேர்ந்து, கை தொடையோட ஒட்டி, முதுகு வளையாம இடுப்புல இருந்து குனியணும், ஒரு மூச்சு நின்னு நிமிரணும். உக்காந்து செய்றதுக்கு செய்ஸா, இடது முட்டிய மொதல்ல தரையில வச்சு மண்டி போட்டு உக்காரணும், எந்திரிக்கிறப்ப வலது கால் மொதல்ல. ஆரம்பத்துல கால் மரத்துப் போகும், பழகிடும். சில வீட்டுல, எங்க மதத்துல மனுஷன வணங்கக் கூடாதேன்னு தயங்குறாங்க, இது சாமி கும்பிடுறது இல்ல, ஜப்பான்ல கடைக்காரர் கூட குனிவார், வணக்கம் சொல்ற மாதிரிதான். மனசு ஒப்பலேன்னா மாஸ்டர்கிட்ட நேரா பேசிடுங்க, தலைய லேசா அசைச்சா போதும்னு விட்டுடுற மாஸ்டர்ங்க இருக்காங்க. ஆனா ஜோடிக்கு குனியறத மட்டும் அவசரமா முடிக்காதீங்க. அவன் உடம்ப உங்க பயிற்சிக்குக் குடுக்கிறான், நீங்க அவனுக்குக் குடுக்கிறீங்க, அந்த ஒப்பந்தத்துக்குத்தான் ரெண்டு பேரும் குனியறது.

இப்போ குத்து. மொதல்ல கைய மடக்குறதே ஒரு வேலை. சுண்டு விரல்ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா உள்ள மடக்குங்க, நுனி உள்ளங்கைய அழுத்தணும், கட்டை விரல் வெளிய வந்து ஆள்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் மேல படியணும். கட்டை விரல உள்ள வச்சு குத்தினா உடைஞ்சிடும், சின்னப் பசங்க எல்லாரும் இப்படித்தான் பிடிப்பாங்க, பாத்து திருத்துங்க. பட வேண்டியது ஆள்காட்டி விரல், நடு விரலோட மொட்டி ரெண்டு மட்டும், மணிக்கட்டு வளையவே கூடாது. கை இடுப்புல உள்ளங்கை மேல பாத்து கிளம்பும், முழங்கை விலாவ உரசிட்டு நேரா போகும், கடைசி நொடியில திரும்பும். அதே நேரம் இன்னொரு கை அதே வேகத்துல இடுப்புக்கு வரணும், அதுதான் ஹிக்கிதே, புதுசா வர்றவங்க மறந்து போறது இதத்தான். காத்துல குத்துறப்ப முழங்கைய அடிச்சு நீட்டாதீங்க, முழு நீளத்துக்கு ஒரு துளி முன்னாடி நிறுத்துங்க, இல்லேன்னா ஒரே மாசத்துல மூட்டு வலி ஆரம்பிச்சிடும். உதைக்கும் இதே கதைதான், மாய் கேரி, அதாவது முன்பக்கம் உதைக்கிறதுல, முட்டிய மொதல்ல நெஞ்சு பக்கம் தூக்கணும், கால் விரல பின்னால இழுத்து விரலுக்குக் கீழ இருக்கிற சதைப்பகுதியால உதைக்கணும், உதைச்ச வேகத்த விட வேகமா கால திரும்ப இழுக்கணும்.

நிக்கிறது ஸென்குட்சு தாச்சி. முன்னங்கால் மடங்கி முட்டி பெருவிரலுக்கு நேரா மேல வரணும், பின்னங்கால் நேரா, ரெண்டு காலுக்கும் நடுவுல இடுப்பு அகலத்துக்கு இடம். கயிறு மேல நடக்கிற மாதிரி ஒரே கோட்டுல வச்சா யாராவது தோள தொட்டாலே சாஞ்சிடுவீங்க, ஜோடிய விட்டு லேசா தள்ளச் சொல்லி டெஸ்ட் பண்ணிப் பாருங்க. முதல் ரெண்டு வாரம் தொடை கதறும், மாடிப்படி இறங்கவே யோசிப்பீங்க.

வரிசையா நிக்க வச்சு இச்சி, நி, சன், ஷின்னு எண்ணி செய்யச் சொல்றாங்களே, ஏன் இப்படி டிரில் மாதிரின்னு தோணும். இப்போ ஜப்பான்ல இருக்கிற ஓக்கினாவா தீவுல அந்தக் காலத்துல ஒரு குரு, ஒண்ணு ரெண்டு சீடர்னு ரகசியமா சொல்லிக்குடுத்த கலை இது. 1900களோட ஆரம்பத்துல இடோசு அன்கோன்னு ஒரு மாஸ்டர் இத அங்க ஸ்கூலுக்குள்ள கொண்டு போனாரு, ஒரே நேரத்துல நிறைய பசங்களுக்கு சொல்லித்தரணும்னா வரிசையும் எண்ணிக்கையும்தான் வழி. சின்ன சின்ன கட்டாவா பினான்னு அஞ்சு செஞ்சு வச்சதும் அவர்தான். அவர்கிட்ட படிச்ச ஃபுனகோஷி கிச்சின் 1922ல டோக்கியோ போய் செஞ்சு காட்டினாரு, அங்கயே தங்கிட்டாரு. அந்த அஞ்சு கட்டாவுக்கு ஹெய்யான்னு பேர மாத்தினதும் அவர்தான், உங்க முதல் பெல்ட் டெஸ்ட்டுல செய்யப்போற ஹெய்யான் ஷோடான் அதுல ஒண்ணு.

ஹெய்யான் ஷோடான்ல 21 அசைவு, ரெண்டு இடத்துல கத்தணும், கியாய். பழகுற வழி இதுதான்: மொதல்ல கைய விட்டுடுங்க, கால் மட்டும், எந்தப் பக்கம் திரும்புறோம்னு நாலஞ்சு நாள் நடந்து பழகுங்க, தரையில I எழுத்து மாதிரி ஒரு பாதை வரும். அப்புறம் கைய சேருங்க. திரும்புறப்ப தலை மொதல்ல திரும்பணும், அப்புறம்தான் உடம்பு. வேகமா முடிக்கிறவங்களுக்கு மார்க் கிடையாது. ஒண்ணு கவனிங்க, முதல் அசைவே இடது பக்கம் திரும்பி கெதான் பராய், அதாவது கீழ வர்ற உதைய தடுக்கிறது. ஹெய்யான் அஞ்சுமே தடுப்புலதான் ஆரம்பிக்குது. கராத்தேல முதல் அடி நம்மளோடது இல்லைங்கிறது ஃபுனகோஷி எழுதி வச்ச விதி, அத செவுத்துல மாட்டுறத விட தினமும் இப்படி உடம்புல ஏத்துறது எவ்ளோ பெரிய விஷயம்னு எனக்கு தோணும்.

ஜோடி பயிற்சி, குமித்தே, இதுலதான் ஆள் யாருன்னு தெரியும். ஆரம்பத்துல கோஹோன் குமித்தே. அடிக்கப் போறவன் எங்க அடிக்கப் போறேன்னு வாய்விட்டு சொல்லணும், மூஞ்சின்னா ஜோதான், வயிறுன்னா சூதான், சொல்லிட்டு அஞ்சு அடி முன்னேறி குத்துவான், எதிராளி பின்னாடி போய்கிட்டே தடுத்து அஞ்சாவதுல ஒரு பதில் குத்து. சொல்லிட்டு அடிக்கிறதுல என்ன இருக்குன்னு கேப்பீங்க, செஞ்சு பாருங்க, சொல்லியும் தடுக்க முடியாது. இங்க ரெண்டு தப்பு நடக்கும். ஒண்ணு, பாவம்னு நெனச்சு காதுக்குப் பக்கத்துல காத்துல குத்துறது. அது கருணை இல்ல, அவனுக்கு தப்பா சொல்லித்தர்றீங்க, அவன் தடுக்காட்டியும் ஒண்ணும் ஆகாதுன்னு பழகிடுவான். இன்னொண்ணு, வேகத்துல நிறுத்த முடியாம போட்டுடுறது. நேரா மூக்குக்குத்தான் போகணும், தோலுக்கு முன்னாடி நிக்கணும். நிறுத்த முடியலேன்னா வேகத்த குறைங்க, குறிய மாத்தாதீங்க.

இந்த நிறுத்துறதுக்கு எவ்ளோ மதிப்புன்னு டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல உலகமே பாத்துச்சு. 2021 ஆகஸ்ட், ஆம்பளைங்க 75 கிலோவுக்கு மேல் பைனல், சவுதியோட தாரெக் ஹமேதி 4-1னு லீடிங், எதிர்ல ஈரானோட சஜ்ஜாத் கஞ்ச்ஸாதே. ஹமேதி விட்ட உதை தலையில பட்டு கஞ்ச்ஸாதே அப்படியே சாஞ்சிட்டாரு, ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனாங்க. நடுவர்ங்க பேசி முடிவு சொன்னாங்க, அளவுக்கு மீறின அடி, ஹமேதி டிஸ்குவாலிஃபை. தங்கம் விழுந்து கிடந்தவருக்கு. பாக்சிங்னா கொண்டாடியிருப்பாங்க. நியாயமா இல்லையான்னு இன்னிக்கும் அடிச்சுக்கிறாங்க, என்னைக் கேட்டா அந்த விதி இல்லேன்னா கராத்தேக்கு வேற பேர் வச்சிடலாம்.

கிளாஸ் முடிவுல டோஜோ குன்னு அஞ்சு வரி சொல்ல வைப்பாங்க. குணத்த சீராக்கு, உண்மையா இரு, விடாம முயற்சி பண்ணு, மத்தவங்கள மதி, முரட்டுத்தனத்த அடக்கு, ஏறக்குறைய இதான் அர்த்தம். அர்த்தம் தெரியாம ஜப்பான் மொழியில ஒப்பிக்கிறதுல பிரயோஜனம் இல்ல, மாஸ்டர்கிட்ட தமிழ்ல கேட்டு வாங்கிடுங்க.

வீட்டுல எவ்ளோ பழகணும்? தினமும் பதினஞ்சு நிமிஷம் போதும், ஆனா தினமும். கராத்தே வெந்நீர் மாதிரி, சூடு குடுத்துட்டே இல்லேன்னா ஆறிப்போயிடும்னு ஃபுனகோஷியே சொல்லியிருக்காரு. முப்பது நாப்பது வயசாச்சேன்னு தயங்குறவங்களுக்கு, அதே டோக்கியோல பொம்பளைங்க கட்டாவுல தங்கம் ஜெயிச்ச ஸ்பெயின் நாட்டு சாண்ட்ரா சாஞ்சேஸுக்கு அப்போ 39 வயசு. அவங்க சின்ன வயசுல இருந்தே பழகினவங்கதான், நமக்கு ஒலிம்பிக்ஸ் வேணாம், முட்டி நல்லா இருந்தா போதும். பசங்களுக்கு ஒரு எச்சரிக்கை, மொட்டிய தரையில குத்தி கெட்டியாக்குறது, கை மேல பைக் ஏத்துறது இதெல்லாம் வளர்ற எலும்புக்கு வேண்டவே வேண்டாம். மாஸ்டர் கேட்டாலும் முடியாதுன்னு சொல்லிடுங்க.

தற்காப்புக்காக பொண்ண சேக்குறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், மூணு மாசத்துல யாரையும் அடிச்சு விழ வைக்க முடியாது. சத்தமா கத்துறது, கைய உதறி விடுவிச்சுக்கிறது, ஓடுறது, இந்த மூணும் வந்தாலே காசு செரிச்ச மாதிரி. கியாய் போட வெக்கப்படுற பொண்ணுங்கள மொதல்ல அதத்தான் பழக்கணும், நடுரோட்டுல குரல் வர்றதுக்கு கிளாஸ்ல வந்திருக்கணும்.

பெல்ட் டெஸ்ட்ட மாஸ்டர் சொல்றப்ப போங்க, பக்கத்து வீட்டுப் பையன் போறான்னு போகாதீங்க. ஃபெயில் பண்ணாத டெஸ்ட்டா இருந்தா, பணம் கட்டினவங்க எல்லாரும் பாஸ் ஆனா, அடுத்த தடவ யோசிங்க. ஃபீஸ் எவ்ளோ, சர்டிபிகேட் எந்த அமைப்புல இருந்து வருதுன்னு சேர்றப்பவே கேட்டு வச்சுக்கோங்க, அப்புறம் கேட்டா மரியாதை இல்லாத மாதிரி ஆக்கிடுவாங்க.

கடைசியா, பையன் மஞ்ச பெல்ட் வாங்கின சூட்டுல தங்கச்சிய உதைச்சுப் பாப்பான், ஸ்கூல்ல யாரையாவது குத்திட்டு வருவான், இது நூத்துக்கு தொண்ணூறு வீட்டுல நடக்கிறதுதான். நீங்க அடிக்காதீங்க, கிளாஸ நிறுத்திடுவேன்னும் மிரட்டாதீங்க. மாஸ்டருக்கு போன் போட்டு நடந்தத அப்படியே சொல்லுங்க. நல்ல மாஸ்டரா இருந்தா அவன ஒரு மாசம் வெள்ளை பெல்ட் வரிசையில கடைசியா நிக்க வச்சு, ஜோடி பயிற்சி இல்லாம வெறும் தடுப்பு மட்டும் செய்ய வைப்பாரு. அதுக்கு நீங்க போய் சிபாரிசு பண்ணாம இருந்தா சரி.