ஸ்காட்லாந்துக் கோபுரவீட்டில் தங்குவதற்கு முன் படிக்கட்டைக் கணக்கில் எடுங்கள்

ஸ்காட்லாந்தின் பழைய கோபுரவீட்டில் ஒரு தளத்துக்கு ஓரிரு அறைகள்தான். மற்றதெல்லாம் மேலே. இன்வர்னஸுக்கு மேற்கே, மூர் ஆஃப் ஆர்ட் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஃபேர்பர்ன் கோபுரம் 1545 வாக்கில் எழுந்தது. பாழடைந்து கிடந்ததை, பழைய கட்டடங்களை மீட்டு விடுமுறைக்கு வாடகைக்கு விடும் லேண்ட்மார்க் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை சீரமைத்து 2023 முதல் வாடகைக்கு விடுகிறது. நான்கு பேர் தங்கலாம். ஆட்கள் கூடுதல் என்றால் ஸ்காட்லாந்தின் மேற்கிலுள்ள கின்டயர் தீபகற்பத்தில் அதே அமைப்பின் சாடல் கோட்டை இருக்கிறது, எட்டுப் பேருக்கு இடமுண்டு.

பதிவு செய்யும்போதே தளப்படம் கேட்டு வாங்குங்கள். படுக்கையறை ஒரு தளத்திலும் கழிப்பறை இன்னொரு தளத்திலும் இருக்கக்கூடும். முழங்கால் வலி உள்ளவருக்கு இரவில் அதுதான் பெரும்பாடு. கழிப்பறைக்கு அருகிலுள்ள அறையை அவருக்கு ஒதுக்குங்கள்.

சுழற்படியில் சக்கரம் வைத்த முரட்டுப் பெட்டி திரும்பாது. துணிப்பைகளாகப் பிரித்துக் கட்டுங்கள், ஒரு கை எப்போதும் கைப்பிடியைப் பற்றக் காலியாக இருக்கட்டும். படி நடுத்தூண் பக்கம் கூம்பிவிடும். வெளிச்சுவரை ஒட்டி, பாதம் முழுதும் படியும் இடத்தில் மிதியுங்கள். காலுறையோடு இறங்கினால் வழுக்கும். ஆளுக்கொரு தலைவிளக்கு கட்டாயம். (ஃபேர்பர்னில் 1851இல் ஒரு பசு உச்சிவரை ஏறிக் கன்று ஈன்றது என்று ஊரார் சொல்வார்கள்.)

கற்சுவரின் கனம் ஒரு மீட்டரைத் தாண்டும். சூடேற ஒரு நாள்கூட ஆகலாம். வந்தவுடன் வெப்பத்தை உச்சத்துக்குத் திருப்பாமல் 18, 19 பாகையில் வைத்து இரவும் பகலும் அப்படியே விடுங்கள். நனைந்த துணியை அறைக்குள் உலர்த்தினால் ஈரம் குளிர்ந்த சுவரில் நீராகப் படியும், பூஞ்சை பிடிக்கும். சமைக்கும்போது பாத்திரத்தை மூடி, சன்னலை விரற்கடை திறந்து வையுங்கள்.

கணப்பு மூட்டும்போது புகை அறைக்குள் திரும்பினால் பெரும்பாலும் புகைபோக்கி குளிர்ந்து கிடக்கிறது என்று பொருள். முதலில் புகைபோக்கியை அடைக்கும் தடுப்புத்தகடு திறந்திருக்கிறதா பாருங்கள். பிறகு சுருட்டிய செய்தித்தாளைக் கொளுத்தி புகைபோக்கியின் வாயருகே ஒரு நிமிடம் பிடியுங்கள். காற்று மேலே இழுக்கத் தொடங்கியபின் சுள்ளி, அதன்பின் கட்டை. ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் குறைந்த கட்டையே நன்றாக எரியும்.

கைபேசி சமிக்ஞையை நம்ப வேண்டாம். வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். ஃபேர்பர்னுக்குப் போனால் மளிகையை அருகிலுள்ள டிங்வால் ஊரில் வாங்கிவிடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை மிட்ஜ் என்னும் கடிபூச்சி உண்டு. காற்று ஓய்ந்த மாலையில் விளக்கைப் போடும் முன் சன்னலைச் சாத்துங்கள்.

லேண்ட்மார்க் வீடுகளில் வருகை மாலை 4 மணி, புறப்பாடு காலை 10. மேல்தளப் பைகளை முந்தின இரவே கீழே இறக்கிவிடுங்கள்.